வெள்ளைக் கிரேயானுக்கும் வேலை உண்டு

நம்மில் பலருக்கு வீட்டில் மூன்று, நான்கு வயதில் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். இல்லாவிட்டால் அக்கா குழந்தை இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையாவது இருக்கும். விடுமுறை நாளில் “கொஞ்ச நேரம் பார்த்துக்கோ” என்று நம்மிடம் விட்டுவிட்டு அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விடுவார்கள். நாமும் ஒரு கிரேயான் பெட்டியையும், படம் அச்சிட்ட வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போவோம். ஐந்து நிமிடத்தில் குழந்தை எழுந்து வந்துவிடும். “இதற்குப் பொறுமையே இல்லை” என்று குழந்தையின் மேல் பழி போடுவோம். பழி உண்மையில் யாருடையது என்று சற்றே ஆராய்வோமா?

நம் பள்ளியின் சமூக சேவைக் குழுவினர் சனிக்கிழமை முற்பகலில் திருவரங்கத்தில் உள்ள ஓர் அங்கன்வாடிக்குச் சென்று வருகிறோம். (ஊரில் பலர் அதைப் பால்வாடி என்றே இன்றும் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) நாங்கள் முதன்முறை வெற்றுத் தாளை நீட்டியபோது நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி அதைத் தொடவே இல்லை. “எனக்கு வரையத் தெரியாதுக்கா. நீங்க யானை போட்டுக் குடுங்க, நான் கலர் அடிக்கிறேன்” என்றாள். பிறந்து ஐந்து ஆண்டுகள் நிறையவில்லை. அதற்குள் தனக்கு ஒன்று தெரியாது என்று முடிவு கட்டிவிட்டாள்! அவளருகே இருந்த இரண்டரை வயதுப் பையனோ, தாள் முழுவதையும் சிவப்பால் சுற்றிச் சுற்றி நிரப்பிவிட்டு, தாள் போதாமல் தரையிலும் தொடர்ந்துகொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. இரண்டரைக்கும் நாலரைக்கும் இடையில் அந்தச் சிறுமியிடம் யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும் என்றே எனக்குப் பட்டது.

முதலில் கிரேயான் என்பது என்ன என்று பார்ப்போம். பாரஃபின் மெழுகை உருக்கி, அதில் நிறப்பொடியைக் கலந்து, அச்சில் ஊற்றிக் குளிரவைத்தால் கிரேயான். மெழுகுவர்த்திக்கு உறவுக்காரன் என்று சொல்லலாம். அதனால்தான் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்த கிரேயான் இளகி வளைந்துபோகிறது. அமெரிக்காவில் பின்னி அண்டு ஸ்மித் என்ற நிறுவனம் 1903-ஆம் ஆண்டில் ‘கிரயோலா’ என்ற பெயரில் எட்டு வண்ணங்கள் கொண்ட பெட்டியை ஐந்து சென்ட் விலைக்கு விற்றது. அந்தப் பெயரைச் சூட்டியவர் நிறுவனப் பங்காளியின் மனைவியான ஆலிஸ் பின்னி. அவர் ஓர் ஆசிரியை! சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு ஆகியவையே அந்த எட்டு. வெள்ளை அதில் இல்லை. இன்று நாம் வாங்கும் பெட்டிகளில் வெள்ளை இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் மற்றவை தேய்ந்து கட்டையான பிறகும் வெள்ளை மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே கிடக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிறு குழந்தை கிறுக்குவது வெறும் கிறுக்கல் அன்று. சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார் பல லட்சம் குழந்தைப் படங்களைச் சேகரித்து, அவற்றில் 20 வகை அடிப்படைக் கிறுக்கல்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். 1969-இல் அவர் நூல் வெளிவந்தது. புள்ளி, நேர்கோடு, குறுக்குக்கோடு, வளைவு, சுருள், வட்டம் என்று அவை போகின்றன. ஒன்றரை, இரண்டு வயதில் குழந்தை கிரேயானை முஷ்டியால் பிடிக்கிறது. கை தோளிலிருந்து அசைகிறது. ஏறத்தாழ மூன்று வயதில் கோட்டைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்க, வட்டம் பிறக்கிறது. பிறகு அந்த வட்டத்துக்குள் இரண்டு புள்ளி. கீழே இரண்டு கோடு. அதுதான் அம்மா! உடம்பு எங்கே, கை எங்கே என்று நாம் கேட்கக் கூடாது. தலைப்பிரட்டை போன்ற இந்த மனிதனை உலகத்தின் பல நாடுகளிலும் குழந்தைகள் வரைகிறார்கள். யாரும் கற்றுக்கொடுத்து வருவதன்று அது.

வண்ணமும் அப்படியே. மூன்று வயதுக் குழந்தை யானையை ஊதாவில் தீட்டினால், யானையின் நிறம் தெரியாமல் அல்ல; ஊதா கைக்கு எட்டியது, அல்லது ஊதா அன்றைக்குப் பிடித்திருந்தது. தினமும் கோவில் யானையைப் பார்க்கிற திருவரங்கத்துக் குழந்தைக்கு யானையின் நிறத்தை நாம் சொல்லியா தெரிய வேண்டும்?

பெரியவர்கள் நல்லெண்ணத்தோடே செய்யும் ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். குழந்தை ஓடி வந்து தாளைக் காட்டியதும் “இது என்னது?” என்று கேட்கிறோம். அது ஒன்றாகவும் இல்லாமல் இருக்கலாம். கோடு போட்ட மகிழ்ச்சி மட்டும் இருந்திருக்கலாம். நாம் கேட்டதும், ஏதோ ஒன்றாக இருந்தாக வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. “நாயா?” என்று நாம் அடுத்துக் கேட்டு, அது நாயாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். “இங்கே எத்தனை சுற்று சுற்றியிருக்கே!” என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். “இதைப் பத்திச் சொல்லேன்” என்றாலும் சரி. சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லும். எங்கள் பால்வாடிப் பையன் ஒருவன் ஒரே ஒரு நெட்டைக் கோட்டைத் தாளின் அடியிலிருந்து மேல்விளிம்பு வரை இழுத்து, தாளைத் தாண்டிச் சிமெண்டுத் தரையிலும் கொண்டுபோனான். சும்மா இருந்தோம். அவனே சொன்னான், “ராஜகோபுரம்”. 13 நிலைகள், 236 அடி. 1987-இல்தான் கட்டி முடிந்தது. நாங்கள் கொடுத்த தாள் ஓரடி! தவறு தாளுடையது.

வண்ணம் தீட்டும் புத்தகத்தை நான் அடியோடு வெறுக்கவில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும்போது எனக்கே அது பிடிக்கும். ஆனால் மூன்று வயதுக் குழந்தையிடம் பெரியவர் வரைந்த படத்தைக் கொடுத்து, “கோட்டுக்கு வெளியே போகாதே” என்று சொல்லும்போது நாம் உண்மையில் இரண்டு செய்திகளைச் சொல்கிறோம். படம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது ஒன்று. உன்னால் அது முடியாது, ஆகவே நாங்கள் வரைந்துவிட்டோம் என்பது மற்றொன்று. அந்த நாலரை வயதுச் சிறுமி இரண்டாவது செய்தியை நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததன்று. ஜப்பானில் ஒரு காலத்தில் பள்ளிக் குழந்தைகள் பாடப்புத்தகத்துப் படங்களை அப்படியே பார்த்து வரைவதே ஓவிய வகுப்பாக இருந்தது. யமமோத்தோ கனே என்ற ஓவியர் அதை எதிர்த்து, குழந்தை தன் கண்ணால் கண்டதைத் தானே வரையட்டும் என்று 1919-இல் ஓர் இயக்கம் தொடங்கினார். அவ்வியக்கம் பரவியிருந்த காலத்தில்தான், 1925-இல், சக்குரா நிறுவனம் மெழுகோடு எண்ணெயும் சேர்த்து இன்னும் மென்மையான குச்சியைச் செய்தது. இன்று நாம் கடையில் ‘ஆயில் பேஸ்டல்’ என்று கேட்டு வாங்குவது அதன் வழிவந்ததே. குழந்தைகளுக்குச் சுதந்திரம் வேண்டும் என்றதும் அதற்கேற்ற குச்சியும் வேண்டியிருந்தது பாருங்கள்!

1939-ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார் வேறு வழி சொன்னார். உலோகத் தகட்டில் வெட்டிய வட்டம், முக்கோணம் முதலியவற்றின் விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்து, உள்ளே வண்ணப் பென்சிலால் நெருக்கமாகக் கோடுகள் நிரப்பும்படி அவர் முறையில் உண்டு. எழுதுவதற்குக் கையைப் பழக்கும் பயிற்சி அது. பயிற்சி நல்லதுதான், ஆனால் பயிற்சியைப் படம் என்று நாம் மயங்கக் கூடாது என்பது என் கருத்து.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

தாள் பெரிதாக இருக்க வேண்டும். கை தோளிலிருந்து அசைகிற வயதில் நோட்டுத் தாளைக் கொடுப்பது, ஓடுகிற குழந்தையைத் திண்ணையில் ஓடச் சொல்வது போன்றது. விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. போன வருட மாதக் காலண்டரின் பின்பக்கம் எவ்வளவு வழவழப்பான வெள்ளை! ஜவுளிக்கடை அட்டைப் பெட்டியைப் பிரித்தாலும் ஆயிற்று. செய்தித்தாளைத் தரையில் விரித்து அதன்மேல் தாளை வைத்தால் சிமெண்டு தப்பும். நாற்காலி வேண்டாம், குப்புறப் படுத்துக்கொண்டு வரைவதுதான் அவர்களுக்குச் சுகம்.

கிரேயானைச் சுற்றியுள்ள காகிதத்தை உரித்துவிடுங்கள். அம்மாக்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. உரித்த கிரேயானைப் படுக்கவைத்து இழுத்தால் ஒரே இழுப்பில் அகலமான பட்டை விழும். வானமும் காவிரியும் நொடியில் வந்துவிடும். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒடிந்த துண்டே நல்லது. குட்டைத் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது. விரல் நுனிகள் தாமாகவே சேர்ந்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் வாயில் வைக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்குச் சிறு துண்டு கொடுப்பது ஆபத்து, தொண்டையில் சிக்கும். பெட்டியில் நச்சற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். அச்சிறுவர்களுக்கென்று நாங்கள் வேறொன்று செய்தோம். காகிதம் உரித்த துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, அதைக் கொதிநீரில் வைத்து உருக்கி, இனிச் சமையலுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய குழிப் பணியாரச் சட்டியில் எண்ணெய் தடவி ஊற்றினோம். (அடுப்பு வேலை முழுவதும் பெரியவர்களுடையது.) ஆறியதும் உள்ளங்கை நிறையும் வண்ணப் பணியாரங்கள்! ஒரே இழுப்பில் மூன்று நிறம் விழுவதைக் கண்டு அந்தப் பையன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நிறம் கையிலிருந்து வருகிறதோ என்று.

தேய்த்தெடுப்பது மற்றொரு விளையாட்டு. அரச இலையை நரம்புப் பக்கம் மேலாக வைத்து, மெல்லிய தாளால் மூடி, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு நரம்பாக எழுந்து வரும். ஐந்து ரூபாய் நாணயம், கோரைப் பாய், முறம், கோலம் போடும் துளைத் தகடு, செருப்பின் அடிப்பாகம், எதை வேண்டுமானாலும் முயலலாம். பத்து நிமிடத்தில் பால்வாடியில் தேய்க்கப்படாத பொருள் எதுவும் மிஞ்சவில்லை. சத்துணவுத் தட்டின் விளிம்பைக்கூட விடவில்லை! கையால் தடவிப் பார்த்ததைக் கண்ணால் பார்க்கிறார்கள். சொரசொரப்பு, வழவழப்பு என்ற சொற்கள் அங்கேதான் அர்த்தமாகின்றன.

சுரண்டும் படமும் உண்டு. தாளில் பளிச்சென்ற நிறங்களை அழுத்தி நிரப்பி, அதன்மேல் கறுப்பை அப்பி, ஈர்க்குச்சியால் கீறினால் உள்ளிருக்கும் நிறம் மின்னும். கறுப்பை அப்புவதற்குள் சின்னக் கை ஓய்ந்துவிடும். ஆகவே அது ஐந்து வயதுக்குப் பிறகு.

இப்போது வெள்ளைக் கிரேயான். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பது நமக்குத் தெரியும். அந்த இலையின் மேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. கிரேயானும் மெழுகுதானே! வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் நன்றாக அழுத்தி வரைய வேண்டும். வரைந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. பிறகு மஞ்சள் பொடி கரைத்த நீரையோ, துணிக்குப் போடும் சொட்டு நீலம் இரண்டு சொட்டுக் கலந்த நீரையோ பஞ்சில் தோய்த்துத் தாளின்மேல் தடவ வேண்டும். (நீலப் புட்டி குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.) தாள் நிறமாகும், மெழுகு பட்ட இடம் மட்டும் நீரை ஏற்காமல் வெள்ளையாகவே நிற்கும். மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பத்திக் துணிக்கும் இதுவே அடிப்படை.

அந்த நாலரை வயதுச் சிறுமியிடம் வெள்ளைக் கிரேயானைத்தான் கொடுத்தோம். “இது தெரியாதேக்கா” என்றாள். தெரியாது, சும்மா போடு என்றோம். சற்று யோசித்துவிட்டுப் போட ஆரம்பித்தாள். போட்டது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பார்க்கிற கண் இல்லாததால் பயமும் இல்லை. வெகுநேரம் வரைந்தாள். நீலத் தண்ணீரைத் தடவியதும் கட்டம் கட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கோணலாக ஏதோ எழுந்து வந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. “வெள்ளைக் கோபுரம்!” என்று அவளே கத்தினாள். திருவரங்கம் கோவிலின் கிழக்குப் பக்கத்தில், வண்ணம் பூசிய கோபுரங்களுக்கு நடுவே வெண்மையாக நிற்கிறதே, அதுதான். அடுத்த தாளும் கேட்டாள். யானை போட்டுத் தரும்படி அன்று கேட்கவில்லை.

வெள்ளைக்கு இன்னொரு வேலையும் கண்டுபிடித்தோம். கறுப்புச் சார்ட்டுத் தாளில் வெள்ளையால் வரைந்தால் மார்கழி விடியற்காலைக் கோலம்! வாசலில் அம்மா கோலம் போடும்போது “மிதிச்சுடாதே, தள்ளிப் போ” என்று விரட்டப்பட்ட குழந்தைகள் எல்லோரும் இந்தத் தாளில் பழி தீர்த்துக்கொண்டார்கள்.

வேறொரு கிரேயானைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. வெளிறிய ரோஜாவும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறத்தை நாம் எல்லோரும் ‘ஸ்கின் கலர்’ என்று கேட்டு வாங்கிப் பழகியிருக்கிறோம். யாருடைய தோல் அது? எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்த நிறம் இல்லை. பால்வாடியில் ஒரு குழந்தைக்கும் இல்லை. கிரயோலா நிறுவனமே அதற்கு வைத்திருந்த ‘சதை நிறம்’ என்ற பெயரை 1962-இல் ‘பீச்’ என்று பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. 2020-இல் 24 தோல் நிறங்களைக் கொண்ட பெட்டியையும் கொண்டுவந்தது. அப்பெட்டி நமக்கு வேண்டியதில்லை. சாதாரணப் பழுப்பை மெல்லத் தேய்த்தால் ஒரு நிறம், அழுத்தினால் மற்றொன்று, மேலே கொஞ்சம் மஞ்சளோ சிவப்போ சேர்த்தால் இன்னொன்று. குழந்தைகளைத் தங்கள் கையைத் தாளின் அருகே வைத்து ஒப்பிட்டுத் தேடச் சொன்னோம். “என் கை நாலு கலர்க்கா” என்றான் ஒருவன். உள்ளங்கை, புறங்கை, முட்டி, நகம். எண்ணிப் பார்த்தேன், உண்மைதான்!

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வயதில் சிறியவள் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். “கிறுக்கினது போதும், ‘அ’ எழுது” என்று மூன்று வயதிலேயே பென்சிலைத் திணிக்கிறோம். ‘அ’ என்ற எழுத்தை உற்றுப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நெட்டுக்கோடு எல்லாம் அதில் இருக்கின்றன. அத்தனையும் குழந்தையின் கிறுக்கலில் முன்பே இருப்பவை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் விரலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழகிய பிறகு எழுத்து வரும். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரை ஒரே பருவமாக வைத்து, விளையாட்டின் வழியே கற்பிக்கச் சொல்கிறது.

பால்வாடிகளுக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழகத்தின் சத்துணவுத் திட்டத்தை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை முதல் நாள் தொடங்கி வைத்தது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான். பால்வாடிச் சிறுவர்களும் அன்றே அதில் சேர்ந்திருந்தார்கள். வயிற்றுக்குச் சோறு அன்றைக்கு வந்தாயிற்று. சோற்றுக்கு முன்னும் பின்னும் இருக்கிற நீண்ட நேரத்தில் ஒரே ஓர் ஆசிரியை அத்தனை குழந்தைகளையும் வைத்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்குப் பழைய காலண்டரும் ஒடிந்த கிரேயானும் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

எங்கள் வகுப்பு ஜன்னலில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். வீட்டில் கிடக்கும் துண்டுக் கிரேயான்களை அதில் போடலாம். கட்டை விரல் நீளம் இருந்தாலும் போதும், அதற்குக் குறைந்தால் பணியாரச் சட்டிக்குப் போகும். எந்த நிறமும் ஆகும். வெள்ளை இருந்தால் மறக்காமல் கொண்டு வாருங்கள்; அதுதான் எங்களுக்கு முதலில் தீர்ந்துபோகிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு